படத்தை விட்டு வெளியே வராதவர்

தியேட்டரில் விளக்குப் போட்டதும் செருப்பைக் காலால் துழாவி, வண்டிச் சாவி இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்து வருகிறவர்கள் ஒரு வகை. உடம்பை மட்டும் வெளியே அனுப்பிவிட்டுத் திரைக்குள்ளேயே தங்கிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையை உங்களுக்கு நன்றாகவே தெரியும். சண்டைப் படம் பார்த்தால் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவுவார். கோர்ட் படம் பார்த்தால் காப்பியில் சர்க்கரை ஏன் குறைந்தது என்று மனைவியைக் குறுக்கு விசாரணை செய்வார். பேய்ப் படம் பார்த்தால் ஒரு வாரத்துக்குக் குளியலறைக் கதவைத் தாழ் போடமாட்டார். இதெல்லாம் நாலு நாளில் இறங்கிவிடும் காய்ச்சல். இறங்காத காய்ச்சல் ஒன்று உண்டு. யாருமே பேசாத படத்தைப் பார்த்தால் வருவது அது. நம் பல் டாக்டருக்கு வந்தது அதுதான்.

அவர் மனைவி கட்டட இஞ்சினியர். படத்தில் கட்டடம் நிறைய வருகிறதாம் என்று இஞ்சினியர்கள் சங்கத்தில் இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் மின்விசிறியும் ஓடவில்லை, போனார்கள்.

படத்தில் ஒரு கான்கிரீட் வீடு. தட்டைக் கூரை, பூச்சில்லாத சுவர், தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. அதைக் கட்டியவர் அதற்குள் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா வந்து, "அம்மாவைப் பார்க்க வர்றியா?" என்று கேட்கிறாள். அவர் சுவரைப் பார்க்கிறார். சுவரில் வெயில் நகர்கிறது. வெயில் அந்தச் சுவரைக் கடந்து அடுத்த சுவருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, "இல்ல" என்கிறார். அவ்வளவுதான் கதை. இரண்டேகால் மணி நேரம்.

தியேட்டரில் இருந்த பதினோரு பேரில் எட்டுப் பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவர் போனில் இருந்தார். இஞ்சினியரம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி தேங்கும். சரிவே குடுக்கல" என்றார்.

டாக்டர் அழுதுகொண்டிருந்தார்.

ஏன் அழுதார்? அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஆ" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. அவர் சொல்கிற வார்த்தைக்காக யாரும் காத்திருந்ததும் இல்லை; ஊசி போடுவாரா மாட்டாரா என்பதற்காகத்தான் காத்திருந்தார்கள். அங்கே திரையில் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவன் வாய் திறப்பதற்காக ஒரு வீடே, வெயிலே காத்துக்கொண்டிருக்கிறது. நமக்கும் ஆழம் இருக்கிறது, இத்தனை நாள் பேசிப் பேசியே அதைத் தூர்த்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த வாரமே கிளினிக்கில் வேலை தொடங்கியது. வரவேற்பறை நாற்காலிகள் போயின. பத்திரிகைகள் போயின. பல் துலக்கும் முயல் படம் போயிற்று. சுவரில் இருந்த பச்சைப் பூச்சைச் சுரண்டிச் சிமெண்ட்டை வெளியே கொண்டுவந்தார். தெருப் பக்கத்துச் சுவரை எடுத்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட்டார். உட்காருவதற்குச் சுவரைப் பார்த்தபடி ஒரே ஒரு கான்கிரீட் பெஞ்சு. அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள் பல்லை மறந்துவிட்டு இடுப்பைப் பிடித்தார்கள்.

"நடுச் சுவரையும் எடுத்துட்டா வெளிச்சம் தடையில்லாம வரும்" என்றார் டாக்டர்.

"அது பாரம் தாங்குற சுவர். எடுத்தா மாடியும் தடையில்லாம வரும்" என்றார் இஞ்சினியரம்மா.

டாக்டர் அந்தச் சுவரையே பார்த்தார். நாற்பது விநாடி. அப்புறம் பெருமூச்சு.

அந்த நாற்பது விநாடிதான் மெல்ல மெல்ல எல்லாவற்றிலும் புகுந்தது. ஒரு தபால்காரர் கடைவாய்ப் பல்லைக் காட்டி, "எடுத்துரலாமா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். தபால்காரர் தெருவைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது.

"ஏதாவது பெரிய வியாதியா டாக்டர்? மறைக்காதீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

டாக்டர் மெல்லத் திரும்பி, "பல்..." என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

தபால்காரர் அன்று சாயங்காலமே உயில் எழுதிவிட்டதாகக் கேள்வி.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒருநாள் துணிந்து சொன்னாள்: "டாக்டர், வர்றவங்க பாதிப் பேர் எதிர்வரிசைக்குப் போயிடறாங்க. அங்க போனா வாயாவது திறந்து பேசறாராம்."

எதிர்வரிசையில் இருந்தவரும் பல் டாக்டர்தான். வயதில் சின்னவர். பூப்போட்ட திரைச்சீலை, மீன் தொட்டி, ஓயாத பேச்சு. நம் டாக்டர் அந்தத் திரைச்சீலையைப் பார்த்து, சபையில் யாரோ சத்தமாக ஏப்பம் விட்டதுபோல முகம் சுளிப்பார். அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுத்த பதிலும் ஒரு பெருமூச்சுதான்.

இந்தச் சமயம் பார்த்து இஞ்சினியரம்மாவுக்குப் பல்வலி வந்தது.

முதல் நாள் காலையில், "என்னங்க, கீழ்ப்பல்லு விண்ணு விண்ணுங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். டாக்டர் சாப்பாட்டு மேசையில் விழுந்த வெயிலைப் பார்த்தார். அதற்குள் வேலையிடத்திலிருந்து போன் வந்து அம்மா கிளம்பிவிட்டார். இரண்டாம் நாள் கன்னம் லேசாக வீங்கியிருந்தது. மறுபடி கேட்டார். டாக்டர் ஜன்னல் ஓரம் போய் முதுகைக் காட்டி நின்றார். படத்தில் இருந்தவர் அப்படித்தான் நின்றார்.

மூன்றாம் நாள் ஒரு பக்கத்து முகம் பந்தாகிவிட்டது.

"நான் கேட்டது உங்களைத்தான். ஜன்னலை இல்ல" என்றார் அம்மா. "இருபது வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?"

டாக்டருக்கு வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. ஆனால் உடனே சொல்லிவிட்டால் காட்சி கெட்டுவிடுமே! கொஞ்சம் பொறுத்தார். பொறுத்துவிட்டுத் திரும்பினால் அறையில் யாருமில்லை.

பத்து மணிக்கு அவர் கிளினிக்கில் தன்னந்தனியாக நின்று கண்ணாடி வழியே பார்க்கும்போது, கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு அம்மாள் எதிர்வரிசைப் படியில் ஏறுவது தெரிந்தது. யாரோ பாவம் என்று நினைத்தார். பிறகு சேலையைப் பார்த்தார்.

அவருக்கு அந்தப் பல் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் கையால் அடைத்த பல். வேரைச் சுத்தம் செய்தால் பிழைக்கும். அந்தச் சின்னப் பையன் பேச்சு மும்முரத்தில் பிடுங்கிப்போட்டாலும் போட்டுவிடுவான்.

"அதைப் பிடுங்காதீங்க!" என்று கத்திக்கொண்டு டாக்டர் ஓடினார். மூன்று மாசமாக அடைத்து வைத்திருந்த குரல், தெருவே திரும்பிப் பார்த்தது. நேராக ஓடினார். கதவு இடது பக்கம் இருந்தது. நேராக இருந்தது கண்ணாடி. காலையில்தான் வரவேற்பு மேசைப் பெண் அதை மாசு மருவில்லாமல் துடைத்து வைத்திருந்தாள்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரின் முன்பல்லில் பாதி போயிற்று.

கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அவர் எதிர்வரிசைக்குள் நுழைந்தபோது, "வாங்கண்ணே, வாங்க வாங்க! அண்ணிக்கு வேரை மட்டும் சுத்தம் பண்ணினாப் போதும், பல்லு நல்லாத்தான் இருக்கு, யார் அடைச்சதுன்னு கேட்டேன், உங்க பேரைச் சொன்னாங்க, அதானே பார்த்தேன், அட, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார் சின்னவர். "வலிக்குதா?"

"வலிக்குது!" என்றார் டாக்டர். ஒரு விநாடிகூட ஆகவில்லை. "ரொம்ப வலிக்குது! நாக்கு பட்டாலே உயிர் போகுது, காத்து பட்டாலும் போகுது, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பேசாதீங்கண்ணே. வாயைத் திறந்து வைங்க."

"ஆ" என்றார் டாக்டர்.

ஒரு மணி நேரம் கழித்து, கணவனும் மனைவியும் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் மனைவி பக்கம் குனிந்து, "உனக்கு வலிக்குதா?" என்று கேட்டார்.

அம்மா சுவரைப் பார்த்தார்.

டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்தார். "கோபமா? என் மேல தப்புதான். முயல் படத்தைத் திரும்ப மாட்டிடறேன். பெஞ்சை உடைச்சுடறேன். ஏதாவது சொல்லேன். திட்டவாவது திட்டேன்! இப்படிப் பேசாம இருந்தா மனுஷன் என்னன்னு நினைக்கிறது?"

அம்மா விரலால் தன் வாயைச் சுட்டிக்காட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி பஞ்சு இருந்தது. மரத்துப்போகாத பாதி முகத்தால் சிரித்தார்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நமக்கு இதெல்லாம் இல்லை, நாமெல்லாம் படத்தைப் படமாகப் பார்க்கிறவர்கள் என்றும் நினைத்திருப்பீர்கள். நல்லது. ஆனால் கடைசியாக ஒரு படம் பார்த்துவிட்டு வந்தீர்களே, அன்றைக்கு ஆட்டோக்காரரிடம் எந்தக் குரலில் வழி சொன்னீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு நினைவிருக்கும். உங்களிடம் சொல்லத்தான் தயங்கிக்கொண்டிருக்கிறார்.