சாரங்கபாணிக்கு முழு அதிகாரம்

“அஞ்சு பேர் கமிட்டி வேலைக்கு ஆகாதுங்க. முழு அதிகாரத்தையும் ஒருத்தர் கையில கொடுத்துடுவோம்” என்றார் இராஜாங்கம்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதார் சங்கம் அது. சம்பா முற்றி நின்றது. கூலியை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று விவசாயத் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கமிட்டியோ, அவர்களைப் பேச அழைத்தால் நாற்காலி போடுவதா, பெஞ்சு போடுவதா என்பதிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

“ஒரே ஆள்கிட்ட கொடுத்தா சர்வாதிகாரம் ஆயிடாதா?” என்றார் நடராசன். மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டு ஊரில் எல்லோர் வாயிலும் இந்தச் சொற்கள் புரண்டன.

“நம்ம சாரங்கபாணி அண்ணன் அப்படிப்பட்டவரா?” என்றார் இராஜாங்கம்.

“எனக்கெதுக்குப்பா இதெல்லாம்?” என்றபடியே சாரங்கபாணி தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் உத்தரவும் அப்போதே பிறந்தது. “என்னைக் கேக்காம ஒருத்தரும் கூலி பேசக் கூடாது. ஒரு கதிர்கூட அறுக்கக் கூடாது!”

நடராசன்கூடக் கைதட்டினார்.

மறுநாளிலிருந்து சங்கத்தில் கூட்டம் தாங்கவில்லை. வரப்புப் பூவரசை வெட்டலாமா? மாட்டுக்கு லாடம் அடிக்கலாமா? எல்லாவற்றுக்கும் தலைவர் வாய் திறக்க வேண்டும். சமாளிக்க முடியாமல் வரிசை வைத்தார். வரிசையில் சண்டை வந்தது. சண்டை தீர்க்க நேரம் போதாமல் சாப்பாட்டையும் சங்கத்துக்கே வரவழைத்தார். வயல் பக்கம் எட்டிப் பார்க்கவே நேரமில்லை. ஆனாலும் அந்தத் தலைவலி அவருக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் சாப்பாட்டோடு மனைவி பிரகதாம்பாளே வந்துவிட்டாள்.

“ஊர்ல என்ன நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“என்னைக் கேக்காம என்ன நடந்துடும்?”

“மானம் கறுத்துக்கிட்டு வருது. நெல்லு கொட்டிப்போனா வருஷம் பூரா என்னத்தைத் திங்கிறது? நம்ம வயலையாவது அறுக்கச் சொல்லுங்க!”

“உத்தரவு போட்டவனே மீறினா ஊர் சிரிக்காதா?”

வாய் அப்படிச் சொன்னதோடு சரி. முதல் தூறல் விழுந்ததும் வீறாப்பெல்லாம் பறந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தொழிலாளர் சங்கத் தலைவி தங்கம்மாள் வீட்டுக்கு ஓடினார்.

“தங்கம்மா, நீங்க கேட்ட கூலியே தர்றோம். தலைவர் நானே சொல்றேன். எல்லார் வயல்லயும் இப்பவே ஆளை இறக்கு!”

தங்கம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“எல்லார் வயலுமா? பாதிப் பேர் உங்ககிட்ட உத்தரவு கேட்டு நிக்கிறப்ப மீதிப் பேர், மறுநாள் அவங்க நிக்கிறப்ப இவங்கன்னு, கேட்ட கூலியைக் கொடுத்து எல்லாருமே அறுத்து முடிச்சிட்டாங்க. உங்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தாங்கய்யா!”