பதினோரு பேர் பார்த்த பதிவு

ஒரு காட்டில் நூலகம் ஒன்று இருந்தது. அதன் நூலகர் அம்பலவாணன் என்ற எறும்புத்தின்னி. எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கேட்கத்தான் ஆள் வருவதில்லை.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லா நூலகங்களும் சமூக வலைதளத்தில் பக்கம் தொடங்க வேண்டும். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று வாராவாரம் தெரிவிக்க வேண்டும். அம்பலவாணன் ஒரு பக்கம் தொடங்கி, புதிதாக வந்த நூல்களின் பட்டியலைப் போட்டார். மூன்று லைக் விழுந்தது. அதில் ஒன்று அவருடையது.

ஆகவே வலைப்பக்கத்தைக் கவனிக்கச் சுகந்தன் என்ற குரங்கை நியமித்தார்கள். சேர்ந்த அன்றே, மேசைமேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த நூலகரைப் படமெடுத்துப் போட்டான். நாலாயிரம் லைக். மறுநாளிலிருந்து நூலகத்தில் கூட்டம். வந்தவர்கள் அலமாரி முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அம்பலவாணனுக்கு வருத்தம்தான். ஆனாலும் கூட்டத்தைப் பார்த்ததில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. செண்பகவல்லி என்ற நிறைமாத மான் நூலகத்துக்கு வந்து, போன வறட்சியின்போது எங்கே தண்ணீர் இருந்தது என்று கேட்டாள். படமெடுக்காமல் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். அம்பலவாணன் இரண்டு நாள் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கிழக்கே கற்றாழைப் பாறைக்குப் பின்னால் வற்றாத ஊற்று ஒன்று இருப்பதாகக் குறிப்பு கிடைத்தது. அவளிடம் சொன்னார். எல்லோருக்கும் உதவட்டுமென்று, பதிவேட்டின் பெயர், பக்க எண், வரைபடத்தோடு வலைப்பக்கத்திலும் போட்டார்.

பதினோரு பேர் பார்த்தார்கள்.

அதே நாளில், யாரோ அனுப்பிய அருவிப் படம் ஒன்றைச் சுகந்தன் போட்டான். மேற்கு மலையில் வெள்ளமாய்க் கொட்டுகிறது, எல்லோருக்கும் பகிருங்கள் என்று கீழே எழுதியிருந்தான். காடே பகிர்ந்தது. காடே கிளம்பியது. அம்பலவாணன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய் வழியில் நின்று, மேற்கே போகாதீர்கள், ஊற்று கிழக்கே இருக்கிறது என்றார். முன்னால் வந்த காட்டெருமை மரியாதையாக நின்று கேட்டது.

"உங்க பதிவை எத்தனை பேர் பார்த்தாங்க சார்?"

"பதினோரு பேர்."

காட்டெருமை அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மேற்கே நடந்தது.

மேற்கு மலையில் அருவி இல்லை. போனவர்கள் மழை பிடித்த பிறகுதான் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. அவர்களுக்காகச் சுகந்தன் போட்ட இரங்கல் பதிவுக்கு அதுவரை காணாத அளவு லைக் விழுந்தது. சிறந்த நூலகப் பக்கம் என்று விருதும் கொடுத்தார்கள். பதினோரு பேர் மட்டும் பார்க்கும்படி பதிவு போட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு அம்பலவாணனுக்கு மெமோ வந்தது.

அவர் மனம் நொந்து அந்தப் பதிவை அழிக்கப் போன நேரத்தில் செண்பகவல்லி குட்டியோடு வந்தாள். அந்த ஊற்றால்தான் இருவரும் பிழைத்ததாகச் சொன்னாள். ஊற்று சின்னது, இரண்டு பேர் குடித்தால் மறுபடி ஊற அரை நாள் ஆகும் என்றும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அழிச்சிடாதீங்க சார். அழிச்சா, அதுல என்ன இருந்துச்சுன்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சிடுவாங்க. அடுத்த கோடைக்கும் எங்களுக்கு அந்தத் தண்ணி வேணும். பக்க எண், வரைபடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். முடிஞ்சா இன்னும் கொஞ்சம் நீளமா எழுதுங்க."

அம்பலவாணன் உட்கார்ந்து அடிக்குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

நீதி: ஓர் உண்மை யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், அதைத் தக்க ஆதாரத்தோடு ஊரறிய வெளியிடு.