தலை போன பார்சல்

இந்தக் காலத்துச் சனங்களுக்குக் கடவுள் எதற்குக் கால் கொடுத்தார் என்று றெஜினோல்டுக்கு விளங்குவதேயில்லை. சவர்க்காரம் வாங்கவும் போனைத் தட்டுகிறார்கள். தட்டிவிட்டு வீட்டில் இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பார்சல்காரன் ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்துக் களைத்துக் கடைசியில் நாலாம் மாடிக்கு ஏறி வருவான். அங்கே பென்ஷன் எடுத்த யாழ்ப்பாணத்துக் கிழவன் ஒருவன் எந்நேரமும் வீட்டில் குந்தியிருப்பான் என்பது ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பார்சல்காரர் எல்லோருக்கும் தெரியும்.

"எங்கட வீடென்ன தபால்கந்தோரோ?" என்று தமிழில் ஏசிக்கொண்டே றெஜினோல்ட் கையெழுத்து வைப்பார். வைக்காமல் திருப்பி அனுப்பிய நாளும் இல்லை.

அன்று வந்தது சின்னப் பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் அவர் ஆட்டுவதை நிறுத்தினார். பெக்மன். முதலாம் மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரன்.

வேறு நேரமாக இருந்தால் அவர் இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்கமாட்டார். இப்போது தரையோடு இருக்கும் கீழ் வீடு காலியாகக் கிடந்தது. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மனைவி லூர்தம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கோயிலுக்கு இறங்கமுடியாமல் கம்ப்யூட்டரில் பூசை பார்க்கிறாள். கீழ் வீட்டைத் தரச்சொல்லிக் கேட்கும்போதெல்லாம் பெக்மன் "பார்ப்போம்" என்பான். வேறு ஆட்களும் கேட்டிருந்தார்கள்.

"உள்ளுக்கை உடைஞ்சிருந்தா நாங்கள்தான் உடைச்சதெண்டு சொல்லுவான். திறந்து பாப்பம்," என்றார்.

"மற்றவையின்ரை பார்சலைத் திறக்கிறது குற்றமப்பா," என்றாள் லூர்தம்மா.

"உடைஞ்சதைக் கொண்டுபோய்க் குடுத்தா வீடு தருவானோ? கத்தியை எடும்."

உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் உள்ளங்கையளவு பீங்கான் மிருகம் ஒன்று. பாசி நிறம். மேற்பூச்சு முழுவதும் மயிரிழை வெடிப்பு. நாலு கட்டைக் கால், ஒரு வட்ட வயிறு. கழுத்துவரை எல்லாம் இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"மாதாவே! தலை எங்கை?"

வைக்கோலை உதறினார்கள். மேசைக்குக் கீழே பார்த்தார்கள். றெஜினோல்ட் படியெல்லாம் குனிந்து தேடிக்கொண்டு தெருவரைக்கும் போய்வந்தார். லூர்தம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். தொலைந்த சாமான் எடுத்துத் தருவதில் அவர் கெட்டிக்காரர். மூக்குக்கண்ணாடி, மருந்துச் சரை எல்லாம் எடுத்துத் தந்திருக்கிறார். தலையை மட்டும் தரவில்லை.

"நம்பிக்கையில்லாத ஆள் பக்கத்திலை நிண்டா அவர் என்னெண்டு தருவார்?" என்றாள் லூர்தம்மா.

"நான் அங்காலை போறன். அவரை ஆறுதலாத் தேடச் சொல்லும்."

பெட்டியில் சுங்கத் தாள் ஒட்டியிருந்தது. லூர்தம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "தாய்லாந்து. பீங்கான். பழைய மிருகம்."

"என்ன மிருகமெண்டு எழுத மை காணாமப் போச்சாமோ?"

அடுத்த நாள் பாலச்சந்திரனைக் கூப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் கலியாணங்களுக்கு மணவறை போடுகிறவன். றெஜிபோம் என்ற வெள்ளைத் தக்கையில் யானை, அன்னம், மயில் என்று வெட்டி, பொன்நிறம் அடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் தேவலோகம்போல ஆக்கிவிடுவான். கிட்டப் போய்ப் பார்க்க யாரையும் விடமாட்டான்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. போன கிழமை டோட்முண்டிலை ஒரு குதிரைக்குத் தலையே மாத்தினனான். மாப்பிளைக்கும் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. சரி, இது என்ன மிருகம்?"

"தெரிஞ்சா உன்னை ஏன் கூப்பிடுறன்?"

பாலச்சந்திரன் அதை உருட்டிப் பார்த்தான். "பண்டி போலை கிடக்கு."

"பண்டி வாங்கத் தாய்லாந்துக்கே போகோணும்? இஞ்சை இல்லாத பண்டியோ?"

"அதுவும் சரிதான். தாய்லாந்தெண்டா யானைதான் அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தானோ தெரியாது. வெள்ளைக் களிமண்ணில் பிடித்த தலை உடம்பைவிடப் பெரிதாக வந்தது. தும்பிக்கையை உயரத் தூக்கியிருந்தது. ஒட்டி நிறுத்தினால் முகங்குப்புற விழுந்தது. பாரத்துக்குப் பின்பக்கத்தில் ஓர் இரும்பு நட்டை ஒட்டினார்கள். நின்றது. தலை வெள்ளையாக இருந்ததால் அதற்குப் பச்சை அடித்தார்கள்.

"இப்ப உடம்பெல்லோ ஊத்தையாத் தெரியுது," என்றாள் லூர்தம்மா.

உடம்புக்கும் பச்சை அடித்தார்கள். அது நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் பளபளத்தது. பழசாக்கவேண்டும் என்று தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தார்கள். பச்சை போய் காமாலை வந்தவனின் முகம்போல ஒரு நிறம் வந்தது. றெஜினோல்ட் துடைக்கத் துணி எடுத்துவரப் போன நேரத்தில் பாலச்சந்திரன் நெற்றியில் பொன்நிறப் பட்டமும் காதில் சிவப்புப் பொட்டும் வைத்துவிட்டான்.

"எடேய், ஆர் வைக்கச் சொன்னது?"

"கை பழகிப்போச்சண்ணை. வெறும் நெத்தியோடை விட மனம் கேக்கேல்லை."

"பழஞ்சாமானடா இது! கலியாண மண்டப வாசல்லை நிண்டு பன்னீர் தெளிக்கிற மாதிரி நிக்குது."

"தும்பிக்கை தூக்கினா அதிர்ஷ்டம் அண்ணை. வீடு கிடைக்கும் பாருங்கோ."

சுரண்டினால் பட்டத்தோடு தோலும் உரிந்தது. அப்படியே விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெக்மனும் மனைவியும் வெளியூரிலிருந்து திரும்பினார்கள். றெஜினோல்ட் பெட்டியைப் பழையபடி ஒட்டி எடுத்துக்கொண்டு முதலாம் மாடிக்கு இறங்கினார். மேலே லூர்தம்மா செபமாலையோடு கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

கதவைத் திறந்தது பெக்மனின் மனைவி நொய். தாய்லாந்துக்காரி. அவளுடைய ஜெர்மனிலும் றெஜினோல்டின் ஜெர்மனிலும் ஒரேயளவு ஓட்டை. அதனால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

"ஆ, வந்துவிட்டதா!" என்று அவள் வாசலிலேயே பெட்டியைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்த பெக்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். யானை தும்பிக்கையைத் தூக்கி இருவரையும் வரவேற்றது.

"இது என்ன?" என்றான் பெக்மன்.

"யானை. தாய்லாந்து யானை. சரியான பழசு."

"தலை எப்படி வந்தது?" என்றாள் நொய்.

றெஜினோல்டுக்குப் பொய் சொல்ல ஜெர்மன் போதவில்லை. உண்மைக்குத்தான் சொற்கள் இருந்தன. "பெட்டி நசுங்கி வந்தது. திறந்தேன். தலை இல்லை. நான் உடைக்கவில்லை. தலையில்லாமல் உங்களிடம் தரக்கூடாது என்று செய்து ஒட்டினோம்."

பெக்மன் மனைவியைப் பார்த்தான். "இனி இது வேலை செய்யாதா?"

"தலை வந்துவிட்டதே. எப்படிச் செய்யும்?"

பெக்மன் மூச்சை நீளமாக விட்டான். உள்ளே போனான். ஒரு சாவிக் கோர்வையோடு வந்து, பல்லுப் பிடுங்கக் கொடுப்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டு அதை றெஜினோல்டின் கையில் வைத்தான். கீழ் வீட்டுத் திறப்பு. திரும்பி உள்ளே போய்விட்டான்.

"ஏன்?" என்றார் றெஜினோல்ட்.

நொய் யானையின் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் இப்படி ஒரு மிருகம் செய்வார்கள். தலையை உடைத்து எறிவார்கள். நோயும் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை."

"இங்கே யாருக்கு நோய்?"

"உங்கள் மனைவிக்கு. ஒன்றில் அந்த அம்மாவின் முழங்காலைச் சுகமாக்கு, இல்லாவிட்டால் கீழ் வீட்டைக் கொடு என்று இவரிடம் சொன்னேன். இவர் முழங்கால்தான் மலிவு என்று இதைத் தலையில்லாமலே வரவழைத்தார்."

றெஜினோல்ட் யானையைப் பார்த்தார். திறப்பைப் பார்த்தார். படியேறினார்.

"என்னப்பா, ஏசினவனோ?" என்று லூர்தம்மா மேலிருந்து கேட்டாள்.

"வீட்டைத் தந்திட்டான்."

"அந்தோனியாரே! பிறகேன் மூஞ்சை இப்பிடிக் கிடக்கு?"

"இவ்வளவு லேசாத் தாறானெண்டா அந்த வீட்டிலை ஏதோ கோளாறு இருக்கு," என்ற றெஜினோல்ட், எங்கே ஈரம் கசிகிறது என்று சுவரைத் தட்டிப் பார்க்கத் திரும்பவும் கீழே இறங்கிப் போனார்.