களிம்பு டப்பா திறந்த படலம்

வாழி, கத்தரிக்கோல் ஏந்திய கோமான்! வாழி, சுண்ணக்கோடு கிழித்துத் துணிக்குலம் ஆண்ட கட்டிங் மாஸ்டர்! வாடிக்கையாளர் கடைவாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கழுத்தளவைக் கண்ணாலேயே எடுத்துவிடும் பெருந்தகை, பனியனே கவசமாக, தோள்துண்டே கொடியாக, ஒரு காலைப்பொழுதில் குளியலறைக்குள் போர்க்கோலம் பூண்டு நின்ற கதையைச் சொல்லப்போகிறோம். பொறுமை என்னும் தெய்வமே, அவரிடம் இல்லாத நீ எங்களிடமாவது இருந்து காப்பாயாக.

பகைவர் இருவர். சொரியாசிஸ் என்னும் மூத்தவன் முழங்கையிலும் முட்டியிலும் வெள்ளிச் செதில்களால் பாசறை அமைத்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த இளையவனாகிய மூட்டுவாதம் வலக்கை விரல்களுக்குள் நுழைந்து, அவற்றைக் கிழங்குகள்போல் வீங்க வைத்து, விடிந்தால் ஒரு விரலும் மடங்காதபடி காவல் போட்டான். மூத்தவனை அடக்கும் களிம்போ டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவைத் திறக்க வேண்டிய விரல்களோ இளையவனின் சிறையில் இருந்தன. தேர்தல் காலத்திலும் இப்படியொரு கூட்டணியை எவரும் கண்டதில்லை.

மாஸ்டர் வீழ்ந்ததும் வெட்டு மேசை மனைவியின் தம்பி வசமானது. அவன் வெட்டிய சட்டைகளில் இடக்கையும் வலக்கையும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல் நின்றன. துணி கொண்டுவந்தவர்கள், "மாஸ்டர் வரட்டும்" என்று துணியோடே திரும்பினர். மைத்துனன் துணியில் போட்ட வெட்டு ஒவ்வொன்றும் வீட்டிலிருந்த மாஸ்டரின் நெஞ்சில் விழுந்தது.

வெந்நீர்த் தொட்டியையும் பிசையும் உருண்டையையும் ஆயுதங்களாகக் கொண்ட பிசியோதெரபிஸ்ட் பெண், அடம்பிடிக்கும் மூட்டுகளையெல்லாம் அதட்டாமலே பணியவைக்கும் படைத்தலைவி, அவரிடம் தீர்ப்புரைத்திருந்தாள்: "அந்தக் களிம்பு டப்பா மூடிய நீங்களா திறக்கற அன்னைக்குதான் கத்தரிக்கோல், சார். அதுவரைக்கும் கடைப்பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. விரலால திருகாதீங்க. உள்ளங்கைய வெச்சு அழுத்தி, தோளோட சேத்துத் திருப்புங்க."

உள்ளங்கையாலா? பெருவிரலும் இரு விரலும் கொண்டே உலகை வெட்டித் தைத்தவரின் மானம் கொதித்தது. வெந்நீரில் கையை ஊறவைத்து, விரல்களை மடக்கி நீட்டிப் பயிற்சியெல்லாம் முறைப்படி முடித்தவர், கடைசிக் கட்டளையை மட்டும் காற்றில் விட்டு, மூடியை மூன்று விரலால் பற்றினார். களிம்பு காய்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வோர் இரவும் மனைவி பல்லைக் கடித்து இறுக்கிய மூடி அது. மலைமேல் அமர்ந்த மன்னன்போல் அது அசையாதிருக்க, வலி விரல்நுனியில் கிளம்பி மணிக்கட்டைக் கடந்து முழங்கைவரை தேரோட்டிச் சென்றது. டப்பா வழுக்கிப் போய் வாளிக்குள் பாய்ந்து மிதந்தது.

வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உள்ள என்ன சத்தம்? குடுங்க, நான் திறந்து தரேன்."

"இது எனக்கும் மூடிக்கும் உள்ள விவகாரம். நீ நடுவுல வராத."

"சரி, ரெண்டு பேரும் பேசி முடிங்க. தம்பி கடைச்சாவி கேட்டு வாசல்ல நிக்கிறான்."

சாவி! அச்சொல் அம்பெனப் பாய்ந்தது. வெட்டு மேசை அவர் கண்முன் விரிந்தது: மேலே துணி அடுக்கு, அதன்மேல் நகரும் கத்தரிக்கோல், அதைப் பிடித்த புகழ்பெற்ற வலக்கை. அப்புறம்தான் அடுக்கின் மறுகோடியில் இருந்த இடக்கை தெரிந்தது. துணி நழுவாதபடி உள்ளங்கையைப் பதித்து, தோளின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கி, இத்தனை காலமும் அது அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஊர் பாராட்டியபோதெல்லாம் வலக்கைதான் எழுந்து கும்பிட்டது. கூடவே எழுந்த இடக்கையை யாரும் பார்க்கவில்லை, மாஸ்டர் உட்பட.

கொடியாகத் தோளில் கிடந்த துண்டை நனைத்து முக்காலியில் விரித்தார். வாளியில் மிதந்த டப்பாவை எடுத்து அதன்மேல் நிறுத்தி, வலது முழங்கையால் அணைத்தார். இடது உள்ளங்கையை, துணி அடுக்கில் வைப்பதுபோலவே, மூடியின்மேல் பதித்தார். தோள் இறங்கியது. உடம்பு திரும்பியது. கோட்டைக் கதவு முனகியது, இளகியது, திறந்தது. உள்ளே வெண்ணிறக் களிம்பு, ஒரு குறையும் இல்லாமல், சரணடைந்த நாட்டைப்போல் கிடந்தது.

ஒரு கையில் மூடியை உயர்த்திப் பிடித்தபடி வெளியே வந்த வெற்றிவேந்தர், அடுக்களை அதிர அறிவித்தார்: "சாவிய இன்னைக்கு மட்டும் குடு. மேசையத் துடைச்சு வைக்கச் சொல்லு. கத்தரிக்கோல்ல எவன் கையும் படக் கூடாது. நாளைக்கு மாஸ்டர் வர்றாருன்னு தெரு முழுக்கச் சொல்லு."

மறுநாள் காலை, பல மாதங்களுக்குப் பிறகு சட்டை மாட்டியவர், பொத்தானைப் போட்டுவிடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.