பாக்கியத்தின் நம்பருக்குப் போன ஓடிபி

நான் நான்தான் என்று நிரூபிக்கப் போய், திருடன் என்று பெயர் வாங்கிய ஆள் கோவில்பட்டியில் ஒருவன் உண்டென்றால் அது அடியேன்தான். அதுவும் ரேஷன் கடை வரிசையில், சொந்தத் தெருக்காரர்கள் முன்னால்.

என்னிடம் எண்களுக்குக் குறைவில்லை. ஆதார் எண், குடும்ப அட்டை எண், வாக்காளர் எண், கேஸ் புத்தக எண் எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தன. இல்லாதது விரல் ரேகை மட்டும். கடலை மிட்டாய்ப் பட்டறையில் காலமெல்லாம் சூட்டுப் பாகைத் தட்டித் தட்டி என் விரல் நுனிகள் தேய்ந்த சோப்பாகிவிட்டன. மனைவி பாக்கியம் இருந்தவரை அவள்தான் ரேகை வைத்து அரிசி வாங்கி வருவாள். மகன் திருப்பூரில், மகள் சென்னையில். அவர்களுக்குத் தனி அட்டை. பாக்கியமும் போனபின் என் அட்டையில் மிஞ்சியது ஒற்றைப் பெயர். (குடும்ப அட்டையாம்! குடும்பமே நான் ஒருத்தன்தான்.)

அன்று மாதக் கடைசி. அன்றைக்கு வாங்காவிட்டால் அந்த மாத அரிசி போச்சு. பட்டறையிலும் வேலை மந்தம். அந்த அரிசியை நம்பித்தான் என் அடுப்பு இருந்தது. மெஷினில் பெருவிரலை வைத்தேன், ஆட்காட்டி விரலை வைத்தேன், சுண்டுவிரல் வரைக்கும் வைத்துப் பார்த்தேன். கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றிக் கால் விரலையும் வைத்திருப்பேன்.

"போதும் அண்ணாச்சி, ஓடிபி போட்டுக்கிடுவோம். ஆதார்ல குடுத்த நம்பருக்கு வரும். பாத்துச் சொல்லுங்க" என்றாள் கடையில் பில் போடும் பெண்.

என் செல்போன் வாயே திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆதார் எடுத்த காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் பாக்கியத்துடையது. இரண்டு பேருக்கும் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவள் இறந்தபின் அதற்கு ரீசார்ஜ் செய்யவில்லை. ஆனாலும் சாப்பிடத் தட்டைப் போட்டு உட்காரும்போது சில நாள் அந்த நம்பரை அழுத்துவேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொல்வாள். (வீட்டுக்குள் என்னிடம் பேசிய ஒரே ஜீவன் அவள்தான்.) ஒரு கட்டத்தில் அதையும் நிறுத்திவிட்டேன். கேட்கக் கேட்கத் தனிமை கூடத்தான் செய்தது.

பின்னால் வரிசை முனக ஆரம்பித்தது. வேறு வழி தெரியாமல் அந்த நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது! பாக்கியம் போன் அடிக்கிறது!

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னணியில் ஆடுகள் கத்தின. கம்பெனிக்காரன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று புரிந்தது. எனக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். ஆகவே கடை முழுக்க அந்தக் குரல் கேட்டது.

நான் மூளையைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுவிட்டு, "தாயி, ஒங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன்.

"ஏலே! ஓடிபியா கேக்க? களவாணிப் பயலே! இப்பிடித்தான் ஒருத்தன் கேட்டு, எங்க மதினி ஆடு வித்த ரூவாய பூராம் உருவிட்டான். நேர்ல வாலே, தொரட்டியப் போட்டு இழுக்கேன்!"

வரிசை குலுங்கிச் சிரித்தது.

"நான் களவாணி இல்ல தாயி. இது எம் பொண்டாட்டி நம்பரு."

"எங் கையில இருக்கது ஒம் பொண்டாட்டி நம்பரா? இரு, எம் மாப்பிள்ளைட்ட சொல்லுதேன்!"

யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவ செத்துப்போயிட்டா தாயி! ரேஷன் அரிசி வாங்க வந்திருக்கேன். ரேகை விழ மாட்டேங்கு. நம்பர மாத்தாம விட்டுட்டேன்" என்று கத்தியேவிட்டேன்.

ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"அங்கன கடையில யாரு இருக்கா? பேசச் சொல்லு."

பில் போடும் பெண் எட்டிக் குரல் கொடுத்தாள். "நெசந்தான்க்கா. அண்ணாச்சி நம்ம தெருதான். பாவம், ஒத்த ஆளு."

போனில் குரல் இறங்கியது. பிறகு, "ஆக்கிப்போட யாரும் இல்லியா அண்ணாச்சி?" என்று கேட்டாள். (ஏலே போய் அண்ணாச்சி ஆகிவிட்டது.)

"நாந்தான் பொங்குதேன் தாயி."

அவள் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அதற்குள் அந்த ஓடிபிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. திரும்ப அனுப்பி, திரும்ப வாசித்து, ஒருவழியாக என் பைக்குள் அரிசி விழுந்தது. பேர் செல்லத்தாய், ஊர் விளாத்திகுளம் பக்கம் என்று போனை வைக்கும் முன் சொன்னாள்.

இந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி முடியாது. "என்னப்பா, தொரட்டி அத்த இந்த மாசம் ஓடிபி சொல்லிட்டாவளா?" என்று மகள் போனில் கேலி செய்கிறாள். ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாற்றச் சொல்லி மகன் திட்டுகிறான். சரி சரி என்கிறேன். இன்னும் போகவில்லை.

மாதம் ஒருமுறை அந்த நம்பரை அழுத்துகிறேன். திரையில் பாக்கியம் என்று வருகிறது, மணி அடிக்கிறது, யாரோ எடுக்கிறார்கள். எடுத்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டீயளா அண்ணாச்சி?" ஓடிபி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.