உன் மகனுக்கு முடிக்கத் தெரியவில்லை

அன்புள்ள தங்கைக்கு உன் அண்ணன் எழுதுவது.

நான் இங்கே நலம். நீ அங்கே நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். உன் மூட்டுவலி, மாடிப்படி, மேல்வீட்டுக்காரர் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் விவரமாக எழுது, படித்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் உன் மகனைப் பற்றியது. அவனை எங்கள் சபைக்குப் பாதிரியாராக மாற்றிப் போட்டபோது தொலைபேசியில் என்ன சொன்னாய்? "அவன் பேச, நீ ஆர்கன் வாசிக்க, ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ. எனக்கு இதைவிட என்னண்ணா வேணும்" என்று அழுதாய். உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கு இருந்தது போகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை குளறுபடி நடந்தால் ஆர்கன் முன்னால் என் இடத்தில் வேறு ஆளை உட்காரவைப்பது என்று சபைக் குழு தீர்மானித்திருக்கிறது. குளறுபடி செய்கிறவன் உன் மகன், எழுந்து போக வேண்டியவன் நான். இது என்ன நியாயம் என்று நீயே சொல்.

நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், அந்தப் பையனுக்கு எதையும் முடிக்கத் தெரியாது. ராக் பாட்டுக்காரனாகப் போனான், சரி, போகட்டும். அதிலும் மற்றவர்கள் மாதிரி மூன்று நிமிடம் கத்திவிட்டு இறங்குகிற ராக் இல்லையாம், முற்போக்கு ராக்காம். ஒரு பாட்டு இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஓடும். கிணறு வெட்டுகிறவன் ஒருவன் தோண்டித் தோண்டி மறுபக்கம் வானத்தில் வெளியே வருகிறானாம், அவன் வந்து சேர்வதற்குள் கேட்கிறவனுக்குத் தலை நரைத்துவிடும். தாளம் ஏழு, அப்புறம் பதினொன்று, அப்புறம் கடவுளுக்கே தெரியாத ஏதோ ஒன்று. நடுவில் எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். முடிந்தது என்று ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடும்போது மறுபடி ஆரம்பிப்பார்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அவன் பாட்டு எதையும் கேட்டதில்லை. நீ ஆசையாகக் கொடுத்தனுப்பிய இசைத்தட்டு வட்டக் கழுத்து வெட்ட அளவாக இருக்கிறது, தையல்கடை வெட்டுமேசை மேல் வைத்திருக்கிறேன். வேறு எதற்கும் அது உதவியதில்லை.

அந்தக் கலங்கரை விளக்கு விவகாரத்தையும் நான் மறக்கவில்லை. "மாமா, ஒரு உறை தைக்கணும், ஆள் உயரத்துக்கு மேல, சிவப்பும் வெள்ளையுமா பட்டை போட்டு, உச்சியில வட்டமா ஓட்டை விட்டு" என்று துணியோடு வந்து நின்றான். ஏதோ இயந்திரத்துக்கு உறை போலிருக்கிறது என்று நானும் தைத்துக் கொடுத்தேன். பார்த்தால் அதை மாட்டிக்கொண்டு, தலையில் சுழலும் விளக்கை வைத்துக்கொண்டு மேடையில் நின்று பாடுகிற படம் பத்திரிகையில் வந்திருக்கிறது! தையற்காரர் யார் என்று எழுதவில்லை. அந்த வளைவில் பட்டைக்குப் பட்டை எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று அந்தப் படத்தைப் பார்த்த ஒருவன்கூடக் கேட்கவில்லை. முன்மண்டையில் அவனுக்கு முடி இல்லாதது பரம்பரை என்று நீ சொல்லிக்கொண்டு திரிகிறாய். நம் குடும்பத்தில் யாருக்கு வழுக்கை? அது அந்த விளக்கின் சூடு.

அப்புறம் ஒரு நாள் கச்சேரி நடுவில் மின்சாரம் போனதாம், அரங்கமே இருட்டாக, சத்தமே இல்லாமல் இருந்ததாம், அதற்குப் பிறகு பாட்டை விட்டுவிட்டு வேதம் படிக்கப் போனான். ஏன்டா என்று கேட்டேன். "அந்த நேரத்துல யாரோ என்னைக் கேட்டுக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு மாமா" என்றான். "டிக்கெட் வாங்கினவன் கேக்கத்தான்டா செய்வான்" என்றேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம். ஆனாலும் பாதிரியார் அங்கி நான்தான் தைத்துக் கொடுத்தேன், கைகளை நன்றாக அகலம் வைத்து, பின்னால் பெருத்தால் பிரித்துவிடத் தையலுக்குள் துணியும் விட்டு. கூலி வாங்கவில்லை என்பதை நீ மறந்திருப்பாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆர்கன் காலால் மிதிக்கிற பழைய ஆர்கன் என்பது உனக்குத் தெரியும். எனக்கு யாரும் வாசிக்கச் சொல்லித்தரவில்லை. தையல் மெஷினை மிதித்த கால், தானாகவே படிந்துவிட்டது, விரல்களை நானே படியவைத்தேன். அதில் என்ன சங்கடம் என்றால், முதலில் மிதித்துக் காற்று ஏற்ற வேண்டும், அப்போது அது பெருமூச்சு விடும், அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் சபை எழுந்து நின்றுவிடும். பிரசங்கம் முடிந்தது என்று எங்கள் சபையில் யாரும் வாயால் சொல்வது கிடையாது. முன்பிருந்த பாதிரியார் கண்ணாடியைக் கழற்றுவார், நான் மிதிப்பேன், அவர் அதைக் கூட்டில் போட்டு மூடும்போது பாமாலையின் முதல் சுரம் விழும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை பிசகியதில்லை. உன் மகன் கண்ணாடி போடுவதில்லை.

முதல் ஞாயிறு, நன்றாகத்தான் பேசினான், இல்லை என்று சொல்லவில்லை. குரல் மெல்ல மெல்ல இறங்கியது, "அவ்வளவுதான்" என்றான், தலையைக் குனிந்தான். அவ்வளவுதான் என்றால் என்ன அர்த்தம்? மிதித்தேன். ஆர்கன் பெருமூச்சு விட்டது. சபை எழுந்தது. அவன் தலையை நிமிர்த்தி, தேன் வழிகிற குரலில், "ஆனால்..." என்றான். சபை உட்கார்ந்தது. காற்று ஏறிய ஆர்கன் சும்மா இருக்குமா, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டை தானாகவே மாடு மாதிரி ஒரு சத்தம் போட்டது. பத்து நிமிடம் கழித்து மறுபடி குரல் இறங்கியது, மறுபடி தலை குனிந்தது, மறுபடி மிதித்தேன், மறுபடி "ஆனால்." மூன்றாம் முறை அவன் நிறுத்தியபோது, அவனே சொன்னாலொழிய நான் அசையப்போவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதுதான் உண்மையான முடிவாம்! அவன் நிற்கிறான், நான் உட்கார்ந்திருக்கிறேன், சபை மூச்சு விடாமல் இருக்கிறது. கடைசியில் யாரோ தும்மினார்கள், கூட்டம் கலைந்தது. வெளியே வந்த ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு மௌனத்தை வாழ்க்கையில் அனுபவித்ததில்லை என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மௌனத்தைக் கொடுத்தவன் நான். என் கையை யாரும் பிடிக்கவில்லை.

அங்கி மாற்றும் அறைக்குப் போனேன். சபைச் செயலாளர் அங்கே இருந்ததால், "ஐயா, பிரசங்கம் எப்ப முடியும்னு தெரிஞ்சா சௌகரியமா இருக்கும்" என்றேன். செயலாளர் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும், "டேய், எப்படா முடிப்ப?" என்றேன்.

"அது முடிவு இல்ல மாமா. இடைவெளி."

"எதுக்குடா இடைவெளி?"

"சொன்னது உள்ள இறங்க வேணாமா?"

"இறங்குறதுக்கு இவ்வளவு நேரமா? லிஃப்ட் ரிப்பேரா?"

சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பழைய பாட்டைக் கேட்டிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்கும் மாமா" என்றான். "நான் ஏன்டா கேக்கணும்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். பாட்டு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உன் மகன் சபையில் பாடுவதே இல்லை. எல்லாரும் பாமாலை பாடும்போது வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறான். அதையும் கேட்டேன். "நான் வாயைத் திறந்தா அவங்க பாடுறதை நிறுத்திட்டு என்னைக் கேக்க ஆரம்பிச்சிருவாங்க மாமா. அப்புறம் அது கச்சேரி" என்றான். பாட வேண்டாம் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்ட காலத்தில் பாடினான், இப்போது பாடு என்றால் மாட்டேன் என்கிறான். யார் வளர்ப்பு?

கடைசியில் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். உண்மையாகவே முடிந்தால் வலது கையைத் தூக்குகிறேன் என்றான். நானும் ஒத்துக்கொண்டேன், அதுதான் என் புத்தி. விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மேடையில் ஆடியவன் கை சும்மா இருக்குமா? அடுத்த ஞாயிறு, மீன் விழுங்கிய தீர்க்கதரிசியைப் பற்றிப் பிரசங்கம். கடல் பொங்குகிறது, மீன் வாயைத் திறக்கிறது, தீர்க்கதரிசி உள்ளே போகிறார், வயிற்றுக்குள் ஒரே இருட்டு, உன் மகன் நிறுத்துகிறான், வலது கை மேலே போகிறது. நான் அகலம் வைத்துத் தைத்த அங்கிக் கை பாய்மரம் மாதிரி விரிகிறது. மிதித்தேன், நிறுத்தாமல் வாசித்தும்விட்டேன், அதுவும் கல்யாணத்துக்கு வாசிக்கிற குதூகலமான பாட்டு. சபை முழுக்கப் பாடியது. பாடி முடித்த பிறகு யாரை உட்காரச் சொல்வது? எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தீர்க்கதரிசி இன்றுவரை மீனுக்குள்ளேயே இருக்கிறார். "தாத்தா, அவரு எப்ப வெளிய வருவாரு?" என்று தெருவில் பிள்ளைகள் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள்.

அன்று சாயங்காலமே குழு கூடியது. செயலாளர் ரொம்ப மரியாதையாக, "அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் ஓய்வு கேக்குது" என்றார். என் காது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாற்று ஆள் யார் தெரியுமா? உன் மகனோடு கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தானே, தாடி, அவனேதான். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறானாம். உன் மகன் இங்கே வந்த நாளிலிருந்து கலங்கரை விளக்குப் படம் போட்ட கறுப்புச் சட்டையோடு கடைசி வரிசையில் வந்து உட்காருகிறான். தாடிக்கு உன் மகன் எங்கே நிறுத்துவான், எங்கே தொடங்குவான் என்று தெரியுமாம். அவனும் வந்து என்னிடம், "நீங்க தப்பா நெனைக்காதீங்க மாமா, எனக்கு ஆசையே இல்ல, அந்த மிதியைப் பாத்தாலே முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வேறு என்னை மாமா என்கிறான்! உன் மகன் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்த மாமனுக்காகப் பேசினால் பாரபட்சம் என்பார்களாம். அந்த அறையிலும் ஒரு இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தான். அந்த இடைவெளிக்குப் பின்னால் ஒரு "ஆனால்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. பெற்றவள் என்ற உரிமையில் அவனுக்கு உடனே தகவல் சொல். முடிந்தால் முடிந்தது என்று வாயைத் திறந்து சொல்லச் சொல். இல்லாவிட்டால் வேறு சபைக்கு மாற்றல் கேட்கச் சொல். நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை. தூக்கிக்கொண்டு போனால் ஆர்கனோடு சேர்த்துத் தூக்கட்டும்.

உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உனக்கும் உன் வீட்டுக்கும் இந்த அண்ணனின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உன் மகனுக்கு அனுப்பவில்லை, அவனே வாராவாரம் ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் அண்ணன்.

பின்குறிப்பு: ஒட்டிவைத்த உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் அவனிடம் சொல்லிவைக்காதே. நேற்று தீர்க்கதரிசியை வெளியே கொண்டுவர அதே பிரசங்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். குரல் இறங்கியது, நிறுத்தினான், சபை என்னைப் பார்த்தது, செயலாளர் தாடியைப் பார்த்தார். நான் காலைத் தூக்கவில்லை. ஏனென்றால் மூக்கால் மெல்ல ஒரு மூச்சு இழுத்தான். கிணறு வெட்டுகிறவன் பாட்டிலும், இரண்டாம் பக்கத்தில், எல்லாம் அடங்கிய பிறகு அதே மூச்சு கேட்கும். மூச்சு இழுத்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் தடவை நிறுத்தினான், அப்போதும் மூச்சு. மூன்றாம் தடவை மீன் கரையில் கக்கிவிட்டது, தீர்க்கதரிசி ஈரத் துணியோடு எழுந்து நின்றார், உன் மகன் நிறுத்தினான். மூச்சு இல்லை. மிதித்தேன். கடைசி வரிசையில் தாடி "அப்பாடா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான்.

உன் மகன் மேடையிலிருந்து இறங்கி நேராக ஆர்கன் பக்கத்தில் வந்து நின்றான். "எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்றான். "வாசிக்கும்போது பேசாதே" என்றேன். இரண்டாம் சரணத்தில் வாயைத் திறந்தான். அவன் சொன்னதற்கு மாறாக யாரும் பாடுவதை நிறுத்தவில்லை, இன்னும் உரக்கத்தான் பாடினார்கள். நடுவில் தாளத்தை ஏழுக்கு இழுக்கப் பார்த்தான். நான் நாலை விடவில்லை. என் இடத்திலிருந்து யாரும் என்னை எழுப்பவுமில்லை.

அந்த இசைத்தட்டு உன்னிடம் இன்னொன்று இருந்தால் துணியில் சுற்றி அனுப்பிவை. என்னிடம் இருப்பதில் அந்த மூச்சு வருகிற இடம் தேய்ந்துபோய் ஊசி நிற்பதில்லை. என் மருமகனுக்குத் தெரிய வேண்டாம்.