கஷாயமும் கயல்விழியின் நிச்சயதார்த்தமும்

எச்சில் என்று ஒன்று வாயில் இருப்பது, அது இருக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. கண்ணுக்கு மரியாதை உண்டு, காதுக்கு உண்டு, மூட்டுக்குக்கூட உண்டு. எச்சிலைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எச்சில் தட்டு, எச்சில் கை, எச்சில் பண்ணாதே என்று திட்டியே வளர்ந்தவர்கள் நாம். என்னுடையது ஒருநாள் ரோஷப்பட்டுக் கிளம்பிப் போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை.

ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது. (எனக்கு சுகர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.)

நெல்லிக்குப்பத்தில் எனக்கு உரக்கடை. ஒருநாள் காலையில் இட்லி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. சட்னியைக் குறை சொன்னேன். அப்புறம் கடையில் பில் புக்கைப் புரட்ட விரலை நாக்கில் வைத்தேன். விரல் போனபடியே திரும்பி வந்தது. அன்றைக்குச் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து, முறுக்கு சாப்பிடுவது சிமென்ட் மூட்டையைப் பிரித்து வாயில் கொட்டிக்கொள்வது போல ஆனபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மற்றவனுக்கு இது வந்திருந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். எனக்கு வந்ததுதான் கொடுமை. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டு நிச்சயதார்த்தமானாலும் பத்திரிகை வாசிக்கிறவன் நான். இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுப்பதாகப் பெரியவர்கள் பேசி முடித்ததை எழுதி, தாம்பூலத் தட்டு மாற்றுவதற்கு முன் சபையில் உரக்கப் படிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் படித்தால் மைக் இல்லாமலே சமையல்கட்டுவரை கேட்கும். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார். (இது நானே சொல்லிக்கொள்வது. ஆனால் பொய்யில்லை.) பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘மைக்கு மாமா’. அதில் எனக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே கர்வம்.

அக்கா சுந்தரி, மகள் கயல்விழியோடு சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் கணவர் செல்வராசு மாமா சிறுநீரகக் கோளாறில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“கயலு நிச்சயத்துக்கு நான் இருக்க மாட்டேன்டா. என் எடத்துல நீ நின்னு படிக்கணும். நல்லா சத்தமா படி. எனக்குக் கேக்கணும்.”

“சும்மா இரு மாமா, நீயே நின்னு கேப்ப” என்றேன். அவர் நிற்கவில்லை. அந்த வார்த்தை மட்டும் என்னிடம் நின்றுவிட்டது.

ஆகவே எச்சில் போனதும் அதைத் தேடிக் கிளம்பினேன். எல்லா டாக்டர்களும் முதலில் கேட்டது சுகர். இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது அவர்கள் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. கடலூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் பல் டாக்டரிடம் அனுப்பினார். பல் டாக்டர் கண் டாக்டரிடம் அனுப்பினார். வாய்க்கு எதற்குக் கண் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். கண்ணீரும் வற்றுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி உட்கார வைத்தார்கள். உரம் கடன் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன், சரியாகவே நனைந்தது. மனநல டாக்டர், “மனசுல ஏதாவது பயம் இருக்கா?” என்றார். “பயம் எல்லாம் இல்ல சார், பொரி சாப்பிட முடியல” என்றேன். கடைக்கு வரும் கரும்பு விவசாயிகள் ஆளுக்கொரு துண்டு கரும்பு கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். துப்பிய சக்கை என் வாயைவிட ஈரமாக இருந்தது.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்து, “இதுல துப்பிட்டே இருங்க சார்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனார். நெடுநேரம் கழித்து வந்து குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார். நான் முடித்திருந்தேன்.

வாரா வாரம் புதுச்சேரிக்குப் போனேன். காரணம் மட்டும் கிடைக்கவில்லை. இதற்கிடையில் ஒரு சித்த வைத்தியர் அதிமதுரம் போட்டுக் கஷாயம் கொடுத்தார். கறுத்த பழுப்பு நிறம், மண்வாசனை. ஒரு வாய் குடித்தால் நாக்கு கொஞ்ச நேரம் நகரும். கூடவே கிராம்பு, ஏலக்காய் என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கச் சொன்னார். மென்றேன்.

அந்தச் சமயத்தில்தான் கயலுக்கு வரன் அமைந்தது. பையன் இளங்கோ, தங்கமான பிள்ளை. அப்பா ராஜமாணிக்கம், காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்றே அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“நகை, பாத்திரம், எதுவும் கேக்கல. எங்க தம்பி குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தான். பொண்ணு வூட்ல குடிக்கிற ஆளு இருந்தா மட்டும் இப்பவே சொல்லிடுங்க, எழுந்து போயிடறோம்.”

எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர்கள் போன பிறகு அக்கா என்னைத் தனியாக அழைத்தாள்.

“உன் வாய் விஷயத்த எவுரு கிட்டயும் சொல்லாத. குடும்பத்துல வியாதின்னா யோசிப்பாங்க. தாலி ஏர்ற வரைக்கும் மூச்சு வுடாத.”

“எதுக்குக்கா மறைக்கணும்?”

“இன்னா வியாதின்னு கேட்டா இன்னான்னு சொல்லுவ?”

வாயை மூடிக்கொண்டேன். அன்றே அவர்களிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று சிதம்பரத்தில் நல்ல வெயில். என் மனைவி மாலா கஷாயத்தை ஒரு காலி கோலா பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். வீட்டில் கைக்கு அகப்பட்டது அதுதான். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் கலியமூர்த்தி என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல கலகலப்பான மனிதர்.

“டயர்டா இருக்கீங்களே, எங்க அலைச்சல்?” என்றார்.

ஆஸ்பத்திரி என்று சொல்லக்கூடாது. பொய்யும் வராது. “நேத்து புதுச்சேரி போய்ட்டு லேட்டா வந்தேன்” என்றேன்.

“அடிக்கடி போவீங்களோ?”

“வாரா வாரம்.”

அவர் என்னை ஒரு மாதிரி நட்போடு பார்த்தார். கடலூர் ஜில்லாவில் ஒரு ஆண்பிள்ளை வாரா வாரம் புதுச்சேரிக்கு எதற்காகப் போவான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. படபடப்பில் நாக்கு தடித்துப்போக, ஜெனரேட்டர் பக்கம் ஒதுங்கி ஒரு வாய் குடித்தேன். பாட்டிலை இடுப்பு வேட்டியில் செருகினேன். இரண்டு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன். முதல்நாள் கண்ணுக்கு ஊற்றிய மருந்தில் கண் இன்னும் சிவந்திருந்தது. ஜன்னலோரம் மாப்பிள்ளை வீட்டார் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

சபை கூடியது. கயல் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். செல்வராசு மாமா உட்கார வேண்டிய இடத்தில் நான். புரோகிதர் மஞ்சள் தடவிய பத்திரிகையை என் கையில் கொடுத்தார். எழுந்தேன்.

“நிகழும் மங்களகரமான...” என்று தொடங்கினேன். முதல் வரி ஒருவழியாகப் போனது. இரண்டாவது வரியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வார்த்தைகள் குழைந்து குழைந்து விழுந்தன. வேறு வழியில்லாமல், சபை நடுவில் வேட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து, இரண்டு மடக்கு குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

“சிதம்பரம் அமரர்...”

அதற்கு மேல் வரவில்லை. அடுத்த வார்த்தை செல்வராசு. வாழ்க்கையில் எத்தனையோ முறை கூப்பிட்ட பெயர். நல்லா சத்தமா படி என்று அவர் சொன்னது காதில் கேட்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

ராஜமாணிக்கம் எழுந்தார்.

“போதும் நிறுத்துங்க. நான் இன்னா சொன்னேன், இங்க இன்னா நடக்குது? தட்டு மாத்தற எடத்துலயே குடிச்சிட்டு நிக்கறாரு பொண்ணோட மாமன்!”

“ஐயோ, அது கஷாயங்க!” என்று மாலா கத்தினாள்.

“எல்லா குடிகாரன் பொண்டாட்டியும் இதத்தான்மா சொல்லுது.”

நான் பாட்டிலை நீட்டினேன். முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அதாவது சொல்ல முயன்றேன், அதுவும் குழறிற்று. அவர் பின்னால் நகர்ந்தார். “நான் அதத் தொட மாட்டேன். எனக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. நம்ம பக்கத்துல யாருக்காவது தெரியுமா?”

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அங்கே கலியமூர்த்தி நின்றிருந்தார். பாவம், அவர் தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தார், தூண் சின்னது. முன்னால் இழுத்து வந்தார்கள். பாட்டிலை வாங்கினார், குலுக்கினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது.

“சரக்கு இல்ல மாமா. சத்தியமா இல்ல. எவ்ளோ மட்டமான சரக்கும் இவ்ளோ கேவலமா இருக்காது.”

“உனக்கு எப்பிட்றா தெரியும்?” என்றார் ராஜமாணிக்கம்.

கலியமூர்த்தி அதற்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய மனைவி சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சிரிப்பு எழுந்தது. அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. அக்காவிடம் திரும்பி, “அப்போ இவருக்கு இன்னாதாம்மா?” என்றார். அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கடலூர், புதுச்சேரி, காகிதத் துண்டு, கண்ணாடிக் குழாய் எல்லாம் சபைக்கு வந்தன.

“எதனால வந்துச்சாம்?”

“தெரியலைங்க.”

“பொண்ணுக்கும் வருமா?”

கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத்தான் இத்தனை நாளாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். வராது என்று சொல்ல என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை. என் காய்ந்த வாயால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை அந்த மண்டபத்திலேயே நின்றுபோகப் போகிறது என்று நினைத்தபோது, கண் டாக்டர் தேடிய தண்ணீர் தாராளமாகவே வந்தது.

அப்போது என் கையிலிருந்த பத்திரிகையை யாரோ மெதுவாக உருவினார்கள். கயல்.

“எனக்கு வருமா வராதான்னு தெரியாதுங்க. இன்னிக்கு வரல. கேட்டுக்குங்க” என்றாள்.

பெண்ணே தன் நிச்சயப் பத்திரிகையைப் படிப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. புரோகிதர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நான் விட்ட இடத்திலிருந்து அவள் தொடங்கினாள்.

“அமரர் செல்வராசு அவர்களின் குமாரத்தி செல்வி கயல்விழியை...”

கணீரென்று, எங்கும் தடங்கலில்லாமல், கடைசி வரிவரை படித்தாள். சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. ராஜமாணிக்கம் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “வியாதி வருதோ இல்லியோ, மாமன் தொண்ட வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கையில் எடுத்தார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. எனக்கு எச்சில் வரவில்லை, காரணமும் வரவில்லை. நான் இப்போது எந்த நிச்சயத்திலும் படிப்பதில்லை, கயல்தான் படிக்கிறாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் கலியமூர்த்தி எதிரில் வந்து கையை நீட்டுவார். “மச்சான், பாட்டிலக் குடுங்க, டெஸ்ட் பண்ணி அனுப்பறேன்” என்பார். முழு மண்டபமும் சிரிக்கும், நானும் சிரிப்பேன். பொங்கலுக்குக் கூடினால் நிச்சயதார்த்தத்தில் எடுத்த வீடியோவைப் போடுவார்கள். நான் சபை நடுவில் பாட்டிலை எடுக்கும் இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவார்கள். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

போன பொங்கலுக்கு, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“விடு மாமா. உன் வாய் காயலன்னா எங்கப்பா பேர அன்னிக்கு நான் எப்படிப் படிச்சிருப்பேன்?”

அவள் சொன்னது சரிதான். தலையாட்டிவிட்டு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். ஆனாலும் அவர் என்னைத்தானே படிக்கச் சொன்னார்.